புதுப் பட்டை

மே மாதம் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். கையிருப்பு முப்பத்தெட்டுப் பட்டைகள்.

இதை எழுதும்போது உனக்கு ஆறு வயது. பக்கத்தில் பாயில் படுத்து, சுவரைக் காலால் உதைத்துக்கொண்டிருக்கிறாய். இந்தக் கடிதம் உனக்கு இல்லை. வளர்ந்து ஆளாகி நிற்கப்போகிற உனக்கு. அந்த ஆளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன். இப்போதே நீ என்னை அப்பா என்று கூப்பிடுவதில்லை, ஃபேஃபே என்கிறாய். பள்ளிக்கூடத்தில் உன் பெயர் ஸேயா, வீட்டில் மட்டும்தான் செந்தில். ஆகவே நீ யாரையாவது உட்காரவைத்து இதைப் படித்துச் சொல்லச் சொல்வாய். படித்துச் சொல்கிறவருக்கு ஒரு வார்த்தை: புரியாத இடத்தைப் பர்மியத்தில் மாற்றிச் சொல்லுங்கள், தாண்டிப் போகாதீர்கள். பர்மியத்திலேயே எழுதியிருக்கலாமே என்று நீ கேட்கலாம். எழுதியிருக்கலாம்தான். ஆனால் இந்தத் தெருவில் கதவைத் தட்டி உள்ளே வருகிறவர்களுக்குப் பர்மியம் படிக்கத் தெரியும், தமிழ் தெரியாது. காரணம் அவ்வளவுதான். மொழிப்பற்று என்று யாராவது சொன்னால் நம்பாதே.

பட்டை என்று நான் சொல்வது உன் ரத்தச் சர்க்கரையை அளக்கிற பட்டையை. தீக்குச்சி நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு, அதன் மேல் கரி மையில் அச்சடித்த இரண்டு கோடு. உன் உடம்பு மூன்று வயதில் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து ஊசிதான். எவ்வளவு ஊசி என்பதைப் பட்டைதான் சொல்லும். சர்க்கரை கூடினால் கெடுதல் மெதுவாக வரும், குறைந்தால் அரை மணியில் வரும். ஒரு நாளைக்கு நான்கு பட்டை வேண்டும். முப்பத்தெட்டு எத்தனை நாளைக்கு வரும் என்பதை நீயே கணக்குப் போட்டுக்கொள்.

நோய் வந்த கதையை உன் அம்மா வேறு மாதிரி சொல்லியிருப்பாள், என்னைக் காப்பாற்றுகிற மாதிரி. நடந்தது இது. உனக்கு மூன்று வயதானபோது வந்த தண்ணீர்த் திருவிழா. தாகேதாவில் நம் தெருமுனையில் பந்தல் போட்டு, குழாய் வைத்து, போகிறவர் வருகிறவர் மேலெல்லாம் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஓடின. நீ ஓடவில்லை. வாயைத் திறந்துகொண்டு குழாய்க்கு நேரே போய் நின்றாய். மேலே ஊற்றிய தண்ணீரையெல்லாம் குடித்தாய். வாளியில் வாயை வைத்தாய். பக்கத்து வீட்டு மா சூ, இவன் திருவிழாவையே குடித்துத் தீர்த்துவிடுவான் போலிருக்கிறதே என்று பர்மியத்தில் சொல்ல, தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். தோளில் தூக்கிவைத்து இன்னும் கொஞ்சம் குடிக்க வைத்தேன். நான்கு நாள் கழித்து நீ மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாய். அந்த மூச்சில் அசிட்டோன் வாசனை வந்தபோதுதான் வேதியியல் படித்த இந்த மூளை வேலை செய்தது. ஒருவன் ஒரே பொருளைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சிரிக்காதே. ஏன் கேட்கிறான் என்று பார்.

முதல் இரண்டு வருடம் கடைப் பட்டைதான் வாங்கினோம். மிங்கலா தாங்ஞுன்ட்டில் ரயில் தண்டவாளத்துக்குப் பின்னால் காதர் பாயின் மருந்துக்கடை இருக்கிறது. உன்னைக் கண்டால் கல்லாவிலிருந்து மிட்டாய் எடுப்பார், பிறகு ஞாபகம் வந்து தன் வாயிலேயே போட்டுக்கொள்வார். போன மழைக்காலத்துக்குப் பிறகு சரக்கு வருவது தாறுமாறாகிவிட்டது. வருவதும் எல்லையில் வாரக்கணக்கில் நின்று, தகரக் கூரை லாரிக்குள் காய்ந்து வருகிறது. ஒரு நாள் உன் அம்மாவிடம், "பட்டை வந்துருக்கும்மா. ஆனா லாரியிலயே வெந்துருச்சு. விக்க மனசு வரல, விக்காம இருக்கவும் முடியல. நீ வாங்காத," என்றாராம். கடைக்காரர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்த பிறகு வேறு வழி இல்லை. நானே பட்டை செய்ய ஆரம்பித்தேன்.

எனக்கு அது தெரிந்த வேலை. கல்யாணத்துக்கு முன் பாங்காக்கில் பட்டை செய்கிற தொழிற்சாலையில் இரண்டு வருடம் நின்றேன். அச்சு கோணலாகிப்போன வெறும் பட்டைகள் ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தேன், ஏன் கொண்டுவந்தேன் என்று தெரியாமலேயே. இன்சீனில் என்னோடு படித்த கோ ஸோ இருக்கிறான். மூடிப்போன ஒரு ஆய்வுக்கூடத்தின் குளிர்பெட்டியை அவன் தன் வீட்டில் பேட்டரி போட்டுக் காத்துக்கொண்டிருந்தான். அதிலிருந்து ஒரு புட்டி நொதி கொடுத்தான். என்சைம் என்று நாங்கள் சொல்வது. மஞ்சள் தூள். ரத்தத்தில் எத்தனை சரக்கு இருந்தாலும் குளுக்கோஸை மட்டும் பிடித்து, அதிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக் கரிக் கோட்டுக்குத் தள்ளிவிடும். அந்த மின்னோட்டத்தைத்தான் மீட்டர் எண்ணாகக் காட்டுகிறது.

கஷ்டம் நொதியில் இல்லை, அதை ஒட்டுவதில். கரைத்துச் சொட்டுவிட்டுக் காயவைத்தால் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் ரத்தம் பட்டதும் கழுவிக்கொண்டு போய்விடும். கட்டிப்போட வேண்டும். அதற்கு குளூட்டரால்டிஹைடு என்று ஒரு திரவம், மூக்கை அறுக்கிற நெடி. நொதியையும் பக்கத்து நொதியையும் அடித்தளத்தையும் சேர்த்துத் தைக்கும். குறைந்தால் தையல் விட்டுப்போகும். கூடினால் எல்லாப் பக்கமும் தைத்துவிடும், குளுக்கோஸ் நுழைய வேண்டிய வாயையும் சேர்த்து. அப்புறம் அந்த நொதி பட்டையிலேயே பத்திரமாக இருக்கும். எங்கும் போகாது, ஒரு வேலையும் செய்யாது. வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற என்னைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று படித்துச் சொல்கிறவர் நினைத்தால், இல்லை. வேதியியலைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அடைந்து கிடப்பதும் உண்மைதான். என் வயது ஆண்களைப் படைக்கு எடுக்கிற பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது. நான் தாய்லாந்துக்குப் போய்விட்டதாக உன் அம்மா வார்டு அலுவலகத்தில் சொல்லியிருக்கிறாள். போகவில்லை, உள் அறையில் இருக்கிறேன். யார் கேட்டாலும் என்ன சொல்ல வேண்டும் என்று உனக்கும் சொல்லிக்கொடுத்தோம். என் மடியில் உட்கார்ந்துகொண்டே, "ஃபேஃபே பாங்காக்ல இருக்காரு," என்று என் மூக்கைப் பிடித்துத் திருகுவாய். உனக்கு அது விளையாட்டு. பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவன் நான். இப்போதைக்கு அதற்காக வருத்தப்பட நேரமில்லை.

ஒன்றை மட்டும் யோசிக்காமல் விட்டேன். காலையில் உனக்குக் குத்தி, வந்த எண்ணை உன் அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்வது என் வழக்கம். நமக்கும் மா சூவுக்கும் நடுவில் இருப்பது பலகைச் சுவர். அவள் அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைத் தினமும் லாட்டரியில் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு முறை விழுந்ததாம். அப்புறம் தெருவில் நாலு பேர் கட்ட ஆரம்பித்தார்கள். நீ வாசலில் நின்று "இன்னிக்கு என்ன நம்பர்?" என்று அவர்கள் குரலில் கேட்பாய், நாங்கள் சிரிப்போம். எண்ணைச் சொல்வது ஆண் குரல் என்பதை யாரும் பேசவில்லை. கேட்கவில்லை என்று அர்த்தமில்லை.

இனிமேல் சொல்லப்போவதைக் கவனமாகக் கேள். போன மாதக் கடைசி. நான் உள்ளே மேசையில் புதுத் தொகுதிக்குச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தேன். மூச்சை அடக்கிச் செய்கிற வேலை, தலை நிமிர முடியாது. வெளியறையில் உன் அம்மா உனக்குக் குத்தினாள். நீ "நா தே, நா தே" என்று அழுதாய். வலிக்குது என்பதற்கு உனக்கு இன்னும் தமிழ் வருவதில்லை.

"விரலு ரொம்ப வலிக்குதாம். என்ன பண்ண?" என்று அவள் கேட்டாள்.

"புதுப் பட்டை போடு," என்றேன்.

சரி என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. மூன்று வார்த்தை. அதற்கு மேல் பேசுவது எனக்கு எப்போதும் வேலை கெடுவது மாதிரி.

அடுத்த நாளிலிருந்து உன் எண் ஏறியது. நூற்றெண்பது, இருநூற்றுப் பத்து, இருநூற்று நாற்பது. சோற்றைக் குறைத்தோம், இறங்கவில்லை. முதலில் என் தையலைச் சந்தேகப்பட்டேன். குளூட்டரால்டிஹைடைக் கூட்டினேன், குறைத்தேன். ஒட்டாத நொதி மிதந்து எண்ணைக் கெடுக்கிறதோ என்று கழுவினேன். ஒரு தொகுதியை நறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்ததைச் செய்தேன், அதையும் நறுக்கினேன், மூன்றாவதையும். புட்டியில் தூள் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. கடைசியாக என் விரலில் குத்திப் பார்த்தேன். தொண்ணூற்றைந்து. சரியான எண். அப்படியானால் பட்டை சரி, பையனுக்குத்தான் உண்மையிலேயே சர்க்கரை ஏறியிருக்கிறது என்று முடிவு கட்டினேன். தர்க்கத்தில் ஓட்டை இல்லை என்று நினைத்தேன். இன்சுலினைக் கூட்டினேன். நீ எந்நேரமும் பசிக்கிறது என்று எரிந்து விழுந்தாய். சர்க்கரை ஏறினால் பசிக்கும் என்று உன் அம்மாவுக்குப் பாடம் எடுத்தேன். இறங்கினாலும் பசிக்கும் என்பது எனக்குத் தெரியாததா?

போன செவ்வாய்க்கிழமை, சமையல் முடிகிற நேரம். மின்சாரம் இல்லை. நீ கதவோரம் சுருண்டு கிடந்தாய். சட்டை முழுக்க வேர்வை. உன் அம்மா தொட்டதும் கண்ணைத் திறந்து, பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவின் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டாய். நான் மீட்டரை எடுத்துவந்து விரலில் குத்தினேன். இருநூற்று எண்பத்தாறு. ஊசியில் மருந்தை ஏற்றினேன். அவள் என் கையைத் தட்டிவிட்ட வேகத்தில் ஊசி அடுப்படிவரை போய் விழுந்தது.

"இந்த நம்பர்ல இவன் இப்படிக் கெடக்க மாட்டான்," என்றாள். குரல் உயரவில்லை. "மூணு வருசமா பாக்குறேன். இது எறங்குறது."

எண்ணைப் பார் என்று மீட்டரை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவள் பார்க்கவில்லை. பனைவெல்லத்தை நுணுக்கி உன் கன்னத்துக்குள் அடக்கி, வெளியிலிருந்து தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான் மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் நினைப்பு தவறாக இருந்தால் அந்த வெல்லம் உன்னைக் கெடுக்கும். என் நினைப்பு தவறாக இருந்தால் அடுப்படியில் கிடக்கிற ஊசி உன்னைக் கொன்றிருக்கும். கொஞ்ச நேரத்தில் நீ கையை அசைத்து, இன்னும் கொஞ்சம் வெல்லம் கேட்டாய்.

நீ எழுந்து உட்கார்ந்த பிறகும் எனக்குப் புரியவில்லை. மறுபடி குத்த வேண்டும் என்றேன். விரலைத் தொட விடமாட்டேன் என்று அவள் உன்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். பத்து விரலும் புண்ணாகிவிட்டது, வேண்டுமானால் காதில் குத்துங்கள் என்றாள். காதில் குத்தினேன். நூற்றுப் பன்னிரண்டு. கெஞ்சி ஒரே ஒரு விரலில் குத்தினேன். இருநூற்றறுபது. ஒரே பிள்ளை, ஒரே ரத்தம், ஒரே தொகுதிப் பட்டை. வித்தியாசம் தோலில்தான் இருக்க முடியும். உன் கையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். நகக்கண்ணில், விரல்ரேகைக்குள், மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. ஒரு கணம் என் நொதிதான் ஒட்டிக்கொண்டதோ என்று நினைத்தேன், அதே மஞ்சள். முகர்ந்து பார்த்தேன். தனக்கா.

"விரல்ல என்ன போட்ட?"

"நீங்க சொன்னதத்தான்."

"நான் என்ன சொன்னேன்?"

"புதுப் பட்டை போடுன்னீங்க. போன மாசம் சந்தையில வாங்குன பட்டை. ஒவ்வொரு வாட்டி குத்துனதுக்கப்புறமும் அரைச்சுப் போடுறேன். தேச்சுத் தேச்சு என் மணிக்கட்டு வீங்கிக் கெடக்கு."

ஊரே முகத்தில் பூசுகிற தனக்காவை நீ எங்கே வளர்ந்திருந்தாலும் அறிவாய் என்று நம்புகிறேன். மரப்பட்டையைக் கல்லில் நீர்விட்டு இழைத்துப் பூசுவது. புண்ணுக்குக் குளிர்ச்சி. நான் சொன்னது சோதனைப் பட்டை. புதிதாகச் செய்த பட்டைக்குச் சின்னச் சொட்டு ரத்தம் போதும், பிள்ளையின் விரலைப் பிசைய வேண்டாம், வலி குறையும் என்பது என் நினைப்பு. அதில் ஒரு சொல்லைக்கூட நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் காதில் விழுந்தது மரப்பட்டை. வேறெந்த ஊரில் இருந்திருந்தாலும், வேறெந்த மொழியில் பேசியிருந்தாலும் இது நடந்திருக்காது. மரப்பட்டையில் சில சரக்கு எலக்ட்ரானைத் தானாகவே கொடுக்கும். நொதி சும்மா இருக்கும்போதே கரிக்கோட்டில் மின்னோட்டம் ஏறும். மீட்டர் அதையும் சர்க்கரை என்று எண்ணிவிடும். ஸ்பிரிட் கிடைக்காததால் நான் உலர்ந்த பஞ்சால் துடைத்துக் குத்திக்கொண்டிருந்தேன். மறுநாள் என் விரலில் தனக்கா பூசிக் காயவைத்துக் குத்தினேன். எண் இருமடங்காயிற்று. இனி சந்தேகமில்லை. குத்துவதற்கு முன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. ஆயுசுக்கும்.

விளக்கிச் சொன்னபோது உன் அம்மா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒட்டுறதப் பத்தி நாள் பூரா பேசுவீங்க. ஒட்டுதலா முழுசா ஒரு வார்த்தை பேச வராதா?" என்றாள். சிரித்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து அவள் தனக்காவைத் தொடவில்லை. மீட்டரையும் நம்பவில்லை. குத்துகிறாள், எண்ணைக் கேட்டுக்கொள்கிறாள், பிறகு உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்து அதன்படிதான் ஊசி போடுகிறாள். இது எனக்குப் பயம் தருகிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் சொன்னது சரியாயிருந்தது. ஒவ்வொரு முறையும் சரியாயிருக்காது. நீ தூங்கும்போது இறங்கினால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

வீணாகப் போன மூன்று தொகுதியும் நல்ல பட்டைகள். அவற்றை நறுக்கியதால்தான் இன்றைக்குக் கையிருப்பு முப்பத்தெட்டு, புட்டி காலி. நேற்று கோ ஸோ போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊரைவிட்டுக் கிளம்புகிறான், எங்கே என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குளிர்பெட்டியில் இன்னும் ஆறு புட்டி இருக்கிறது, அவன் போனால் பேட்டரியும் போகும். ஈரத்தில் லேபிள் எல்லாம் உரிந்துவிட்டது. உயிருள்ள நொதியும் செத்த நொதியும் பார்வைக்கு ஒரே மஞ்சள். ஒவ்வொன்றையும் சோதித்துத்தான் பொறுக்க வேண்டும்.

உன் அம்மா தான் போவதாகச் சொன்னாள். "என்னைய எந்தப் பட்டியல்ல சேப்பாங்க? ஆறையும் அள்ளிக்கிட்டு வர்றேன்." நியாயமான பேச்சு. ஆனால் பாலத்திலும் ரயில் நிலையத்திலும் பையைக் கொட்டிப் பார்க்கிறார்கள். பெயர் எழுதாத புட்டியில் மஞ்சள் தூள் வைத்திருக்கிறவள் என்ன விளக்கம் சொன்னாலும் வீடு வந்து சேரமாட்டாள். தூளாகக் கொண்டுவந்தால் விசாரணை. பட்டையில் ஒட்டிக் கொண்டுவந்தால் மருந்து. ஆகவே ஒட்டுகிற வேலை இன்சீனிலேயே நடக்க வேண்டும். பொறுக்கி, கரைத்து, சொட்டு விட்டு, இரவு முழுக்கக் குளிரில் காயவைத்து, மறுநாள் மருந்துக்கடைப் புட்டியில் போட்டுக் கொண்டுவர வேண்டும். சொட்டு விட அவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன், என்னைவிட நன்றாக விடுகிறாள். புட்டியைச் சோதிக்க ஒரு வாரம் பழக வேண்டும். ஒரு வாரம் இல்லை. அங்கே இரவு தங்க வேண்டும். வெளியாள் தங்கினால் வார்டில் பதிய வேண்டும் என்பது சட்டம், நான் பதியப்போவதில்லை. வீடு வீடாக வந்து தலை எண்ணுகிறார்கள் என்று கோ ஸோவே சொன்னான்.

எல்லாம் சொல்லி முடித்த பிறகு அவள், "நீங்க வரலேன்னா?" என்று கேட்டாள்.

இந்த முறை முழுசாகப் பதில் சொன்னேன். நான் வராவிட்டாலும் பட்டை வரும்படி செய்துவிட்டுத்தான் போவேன் என்றேன். அது எப்படி என்றும் சொன்னேன். கீழே எழுதுகிறேன். அவள் எழுந்து போய் அரிசி களைந்தாள்.

இன்று காலை மா சூ வந்தாள். வழக்கமாகச் சுவரைத் தட்டி எண் கேட்பவள் வாசலுக்கே வந்து, எண்ணே கேட்கவில்லை. வார்டு அலுவலகத்து ஆள் ஒருவன் அவளுடைய லாட்டரி ராசியைப் பாராட்டினானாம். காலையில் எண்ணைப் படிக்கிறது யார் என்று கேட்டானாம். பையனே படிக்கிறான் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். சொல்லும்போது உன் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனாள். நீ சாப்பிடக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே போகாமல் வீட்டிலேயே இருப்பது பத்திரம் என்று யாரும் உன்னிடம் பின்னால் சொல்ல வேண்டாம். இங்கேயும் நாள் எண்ணப்படுகிறது.

மின்சாரம் வந்துவிட்டது. நீ துள்ளி எழுந்து, தெருப்பிள்ளைகளோடு சேர்ந்து "மீ லா ப்யி" என்று கத்துகிறாய். வெளிச்சம் வந்துவிட்டதாம். உன் இன்சுலினைச் சுற்றிவைக்கப் பனிக்கட்டி போட்டிருக்கிறேன், அது உறைவதற்குள் மீதியை எழுதிவிடுகிறேன். அறிவுரை என்று தனியாக ஒன்றும் இல்லை. இரண்டு எண் ஒத்துப்போகவில்லை என்றால் கருவியையும் திட்டாதே, ஆளையும் திட்டாதே. இரண்டுக்கும் நடுவில் என்ன பூசியிருக்கிறது என்று பார். உன் அம்மா எண்ணை நம்பவில்லை என்றால் சண்டை போடாதே. காதில் ஒன்று, விரலில் ஒன்று குத்திக் காட்டு, ஒத்துப்போனால் நம்புவாள். வேலை நடுவில் யாராவது கேள்வி கேட்டால் தலை நிமிர்ந்து பதில் சொல். பட்டை என்று சொன்னால் எந்தப் பட்டை என்றும் சொல்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு, தொழிற்சாலையில் வந்தது. தொகுதி சரியாக முடிந்துவிட்டால் அதற்கான குறிப்புக் காகிதத்தைக் கிழித்துப்போடுவேன். முடியாத வேலையின் காகிதத்தை மட்டும்தான் வைத்திருப்பேன். இதை அம்மாவின் தையல் பெட்டியில் வைக்கிறேன். இனி செய்யப்போவது:

1. நாளைக் காலை வெறும் பட்டைகளைச் சாப்பாட்டுத் தூக்கின் அடித்தட்டில் வைத்து, மேலே சோறு போட்டுக்கொள்வேன்.

2. கூலிவேலைக்குப் போகிறவன் மாதிரி தெரிய, உன் அம்மா கௌரியை என் முகத்தில் தனக்கா பூசச் சொல்வேன். கையில் வேண்டாம் என்றும் சொல்வேன். அவளுக்குத் தெரியும். இருந்தாலும் வாய்விட்டுச் சொல்வேன்.

3. எங்கே போகிறேன் என்று நீ கேட்டால், பாங்காக்குக்கு என்பேன். மூக்கைத் திருக நீட்டுவேன்.

4. பாலத்தைக் கூட்டத்தோடு கடந்து, ஊரைச் சுற்றிவருகிற வட்ட ரயிலில் ஜன்னலோரம் இல்லாமல் நின்றுகொண்டே இன்சீன் போவேன்.

5. ஆறு புட்டியையும் சோதிப்பேன். குளூட்டரால்டிஹைடை அளந்து விடுவேன், அவசரப்படமாட்டேன். ஒட்டவும் வேண்டும், வாய் திறந்தும் இருக்க வேண்டும்.

6. இரவில் யாராவது கதவைத் தட்டினால், பட்டைகள் கோ ஸோவின் குளிர்பெட்டியில் இருக்கும், என் பையில் இருக்காது. கதவை நான்தான் திறப்பேன். காலையில் அவன் பட்டைகளைப் புட்டியில் போட்டுக் காதர் பாய் கடையில் கொடுத்துவிட்டுத்தான் ஊரைவிட்டுப் போவான். ஒப்புக்கொண்டிருக்கிறான்.

7. நானே திரும்பி வந்தால், சோப்புப் போட்டு என் கையைக் கழுவுவேன், உன் கையைக் கழுவுவேன், விரலில் ஒன்றும் காதில் ஒன்றும் குத்துவேன். எண்ணைச் சத்தமாகச் சொல்லமாட்டேன்.

8. இரண்டு எண்ணும் ஒத்துப்போனதும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுவேன்.